மலிவு விலை டேப் வைத்திருப்பவர்கள் வாருங்கள்: சார்ஜர், மெமரி, வைஃபை, தமிழ்ப் பாடநூல் பற்றிப் பேசுவோம்

தோப்புவீடு (கொழிஞ்சாம்பாறை)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 8 அங்குல டேப் (ஆண்ட்ராய்டு டேப்லெட்) ஒன்று இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய்க்குள் வாங்கியது. சிம் போட இடம் கிடையாது, வைஃபை மட்டும்தான். 3 ஜிபி ரேம், 32 ஜிபி மெமரி.

எதற்கு வாங்கினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். மகள் இங்கே அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படிக்கிறாள். கேரள, தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். பொள்ளாச்சியில் கடை கடையாகக் கிடைக்கும் தமிழ் கைடெல்லாம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு. பாலக்காட்டில் கிடைப்பது கேரளப் பாடத்திட்டத்துக்குத்தான், ஆனால் மலையாளத்திலோ இங்கிலீஷிலோ இருக்கும். கேரளப் பாடத்தைத் தமிழில் படிக்கிற பிள்ளைக்கு எங்கள் பக்கத்துக் கடைகளில் ஒன்றும் இல்லை. கேரளக் கல்வித் துறையின் சமக்ரா இணையதளத்தில் இருக்கும் தமிழ்ப் பாடநூல் பிடிஎஃப்பும், டீச்சர்கள் பதிவு செய்து அனுப்பும் வகுப்புகளும்தான் கைகொடுக்கின்றன. 2020 ஜூனில், பள்ளி மூடியிருந்த கொரோனா காலத்தில், கேரள அரசின் ஃபர்ஸ்ட் பெல் டிவி, ஆன்லைன் வகுப்புகள் தொடங்கியபோது வீட்டில் இருந்த ஒரே போனை அவளும், அவள் அண்ணனும், வேலைக்காக அவள் அப்பாவும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டிருந்தோம். அதனால் இந்த டேப் எங்களுக்கு விளையாட்டுச் சாமான் இல்லை, அவளுடைய புத்தக அலமாரி.

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சில பழக்கங்கள் புரியவே மாட்டேன் என்கின்றன. சார்ஜில் போட்டுப் படித்தால் தானாக இங்கும் அங்கும் தட்டுகிறது, பக்கம் தானாக ஓடுகிறது. நான்கு ஆப் தவிர ஒன்றும் இல்லை, ஆனாலும் மெமரி நிறைந்துவிட்டது என்கிறது. லீவுக்கு ஊருக்குப் போய் வந்தால் உயிரே இல்லாமல் கிடக்கிறது, சார்ஜர் குத்தினாலும் உடனே எழுந்திருப்பதில்லை. கணவரின் போன் ஹாட்ஸ்பாட் என் போனில் தெரிகிறது, டேபில் தெரிவதில்லை.

விற்றுவிட்டு வேறு வாங்கு என்ற பதில் வேண்டாம். இது ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்தால், அதற்குத் தகுந்தபடி வைத்துக்கொள்ளலாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டு டேபின் தொல்லைகளையும் எழுதுங்கள்.

சர்வீஸ்கடை (வேலந்தாவளம்)

அக்கா, தானாகத் தட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் டேப் இல்லை, சார்ஜர். கடைக்கு அடிக்கடி வருகிற கேஸ் இது. டச் போய்விட்டது என்று சொல்லிக் கண்ணாடியை மாற்றிவிட்டுப் பணம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

இப்போதைய டச் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. கண்ணாடிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கண்ணுக்குத் தெரியாத மின்கோடுகள் ஓடுகின்றன. விரல் பக்கத்தில் வந்ததும் அந்த இடத்தில் மின்தேக்கம் கொஞ்சம் மாறும். டச் ஐசி (தொடுதலைக் கண்டுபிடிக்கிற சில்லு) அளப்பது அந்தக் கொஞ்சத்தைத்தான். சார்ஜர் 230 வோல்ட் ஏசியை 5 வோல்ட் டிசியாக மாற்றும்போது உள்ளே மிக வேகமாக ஆன் ஆஃப் ஆகிற ஒரு சுவிட்ச் வேலை செய்கிறது. அதிலிருந்து வரும் மின் இரைச்சலை (காதில் கேட்காத மின் அதிர்வை) வடிகட்ட நல்ல சார்ஜரில் தனி பாகங்கள் உண்டு. மலிவு சார்ஜரில் அந்தச் செலவைத்தான் முதலில் குறைப்பார்கள். அப்போது டேபின் மின்சுற்று மொத்தமும் அந்த இரைச்சலோடு சேர்ந்து ஆடும், நம் உடம்பு ஆடாது. விரல் வைத்தவுடன் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விரல் வழியாகக் கண்ணாடியில் இறங்குகிறது.

கவனித்துப் பாருங்கள். யாரும் தொடாமல் சார்ஜில் கிடந்தால் பெரும்பாலும் சும்மா கிடக்கும். ஒரு விரல் வைத்ததும் அதே நேர்கோட்டில் வேறு எங்கோ இன்னொரு விரல் பட்டதுபோல் காட்டும்.

ஒரு சோதனை சொல்கிறேன். பவர் பேங்கில் குத்திவிட்டு அதே பாடத்தைத் திறந்து தட்டிப் பாருங்கள். பவர் பேங்குக்கும் சுவரில் இருக்கிற கரண்டுக்கும் தொடர்பு இல்லை. அதில் ஒழுங்காக இருந்தால் குற்றவாளி சார்ஜர்தான். பெட்டியோடு வந்த சார்ஜரா, அப்புறம் வாங்கியதா?

தோப்புவீடு (கொழிஞ்சாம்பாறை)

அப்புறம் வாங்கியதுதான் தம்பி. பழையது மழைக்காலத்தில் போய்விட்டது, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் 150 ரூபாய்க்கு ஒன்று வாங்கினோம். பவர் பேங்கில் போட்டுப் பார்த்தேன், ஒரு தட்டுகூடப் பிசகவில்லை! இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தச் சார்ஜர் குத்தியிருக்கும்போது பின்பக்கத் தகட்டைத் தடவினால் விரலில் லேசாக ஒரு சுரசுரப்பு. ஆபத்தா?

சர்வீஸ்கடை (வேலந்தாவளம்)

அந்தச் சுரசுரப்பு நல்ல கம்பெனி சார்ஜரிலும் கொஞ்சம் இருக்கும். இரண்டு முள் பிளக்கில் எர்த் கிடையாது. இரைச்சலைக் குறைக்க உள்ளே வைக்கிற கெப்பாசிட்டர் வழியாக மிக மிகச் சிறிய கரண்ட் கசியும், உலோகப் பின்பக்கத்தைத் தடவினால் அது தெரியும். தரமான சார்ஜரில் அது ஆபத்தில்லாத அளவுக்குள் நிற்கும். 150 ரூபாய் சார்ஜரில் அந்தக் கெப்பாசிட்டர் எந்தத் தரம் என்று யாருக்குத் தெரியும்? பிள்ளை கையில் கொடுக்கிற பொருள். உடனே மாற்றிவிடுங்கள்.

புதிது வாங்கும்போது அதன் மேல் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்குகிற பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். டேபுக்கும் அடாப்டருக்கும் இந்தியாவில் அந்தப் பதிவு கட்டாயம். முத்திரையை யாரும் அச்சடிக்கலாம். அதனால் போனில் பிஐஎஸ் கேர் ஆப் போட்டு, எண்ணை அடித்து, எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த எண் என்று கடையில் நின்றபடியே பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சித்தூர்ப்புழை (சித்தூர்)

நான் காலேஜ் மாணவன். அக்காவின் மெமரி கேள்விக்கு என் பங்கு. 32 ஜிபி என்று எழுதியிருந்தாலும் ஆண்ட்ராய்டும் கம்பெனி முன்கூட்டியே போட்டுத் தருகிற ஆப்களும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கைக்கூட எடுத்துக்கொள்ளும். பாக்கியில் வாட்ஸ்அப் தினமும் வந்து குவிகிற காலை வணக்கப் படங்களைச் சேமிக்கும். வாட்ஸ்அப் செட்டிங்கில் மீடியா ஆட்டோ டவுன்லோடை நிறுத்துங்கள். பிளே ஸ்டோரில் ஆட்டோ அப்டேட்டையும் நிறுத்திவிட்டு, நேரம் கிடைக்கும்போது நீங்களே செய்யுங்கள்.

என் டேபில் 4 ஜிபி ரேம், அதோடு "4 ஜிபி எக்ஸ்ட்ரா ரேம்" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஆன் செய்து வைத்திருக்கிறேன். நீங்களும் செட்டிங்கில் தேடிப் பாருங்கள், வேகம் கூடும். மெமரி கார்டு போட்டு அதை இன்டர்னலாக மாற்றிவிட்டால் இடப் பிரச்சினையும் தீரும்.

சர்வீஸ்கடை (வேலந்தாவளம்)

தம்பி, முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை அக்கா செய்ய வேண்டாம்.

அந்த எக்ஸ்ட்ரா ரேம் ரேமே இல்லை. மெமரியில் ஒரு பகுதியை ஒதுக்கி, ரேமில் இடம் போதாதபோது அங்கே தள்ளி வைக்கிறார்கள். மலிவு டேபில் மெமரி என்பது இஎம்எம்சி என்கிற மெதுவான வகை. விலை கூடிய போன்களில் வருகிற யுஎஃப்எஸ் மாதிரி படிப்பதையும் எழுதுவதையும் அதால் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. டேப் திக்குவதற்கு முக்கியக் காரணமே அந்த மெமரிதான். ஏற்கெனவே மூச்சு வாங்குகிற அதன் தலையில் ரேம் வேலையையும் ஏற்றினால் சிலருக்குப் பழைய ஆப் திரும்பத் திறப்பது கொஞ்சம் வேகமாகத் தெரியலாம். ஆனால் 32 ஜிபியில் இடமும் போகும், எழுதி எழுதித் தேய்மானமும் கூடும். அக்கா டேபில் அதை ஆஃப் செய்யுங்கள்.

கார்டை இன்டர்னலாக்கும் வசதி ஆண்ட்ராய்டு 6-இல் வந்தது. அப்படி மாற்றினால் கார்டு அந்த ஒரு டேபுக்கு மட்டும் பூட்டப்பட்டுவிடும். கழற்றி வேறு எதில் போட்டாலும் படிக்காது, டேப் செத்தால் கார்டில் இருப்பதும் போச்சு. சாதாரணக் கார்டில் ஆப் ஓடினால் ஊர்ந்துதான் ஓடும். ஏ1 என்று குறி போட்ட கார்டு கொஞ்சம் தேவலை, அதற்கு வினாடிக்கு 1500 முறை படிக்கவும் 500 முறை எழுதவும் முடிய வேண்டும் என்று தரம் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஆப்களை உள்ளேயே வையுங்கள். பாடநூல் பிடிஎஃப்பையும் வகுப்பு வீடியோவையும் மட்டும் கார்டில் போடுங்கள். நாளைக்கே டேப் உடைந்தாலும் கார்டைக் கழற்றிப் போனில் போட்டுப் படிக்கலாம்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. மெமரியை முழுக்க நிரப்பினால் வேகம் செத்துவிடும். ஐந்தில் ஒரு பங்காவது காலியாக விடுங்கள். அழித்த கோப்புகளின் இடத்தை ஒழுங்குபடுத்துகிற வேலை ஒன்று ஆண்ட்ராய்டு 4.3-லிருந்தே உண்டு. யாரும் பயன்படுத்தாமல், சார்ஜில் சும்மா கிடக்கும்போதுதான் அது நடக்கும். பேட்டரி மிச்சம் என்று தினமும் படித்து முடித்ததும் பவர் ஆஃப் செய்துவிடுகிற வீடுகளில் அந்த வேலைக்கு நேரமே கிடைப்பதில்லை. அவ்வப்போது ஒரு நாள் ஆன் செய்தபடியே சார்ஜில் விட்டுத் தொடாமல் இருங்கள்.

தோப்புவீடு (கொழிஞ்சாம்பாறை)

தினமும் ஆஃப் செய்கிற வீடுதான் இது! மாமனாருக்கு அது ஒரு கொள்கை மாதிரி. இன்றைக்கே அவரிடம் சொல்கிறேன்.

மலைப்பள்ளி டீச்சர் (மறையூர்)

இந்த இழையைப் பார்த்ததும் மனசு நிறைந்தது. நானும் தமிழ் மீடியம் டீச்சர். எங்கள் பிள்ளைகளின் பெற்றோர் பலர் எஸ்டேட் வேலை, தோட்ட வேலை. வீட்டில் வைஃபை என்பதே கிடையாது. சிக்னல் ஒரு மேட்டில் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு டேப் என்றால் நெட் இல்லாத டேப்தான். பள்ளியில் நாங்கள் இறக்கி, கார்டில் ஏற்றி அனுப்புகிறோம். சர்வீஸ்கடை தம்பி கார்டு பற்றிச் சொன்னது அத்தனையும் நாங்கள் அனுபவத்தில் பார்த்தது.

நான் எழுத நினைத்தது திரை பற்றி. பெற்றோர் என்னிடம் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: "டீச்சர், பெருசா வாங்கலாமா, சின்னதா வாங்கலாமா?" மலிவு டேபில் 8 அங்குலத்துக்கும் 10 அங்குலத்துக்கும் பெரும்பாலும் ஒரே 1280க்கு 800 திரைப் புள்ளிகள்தான் (பிக்சல்) தருகிறார்கள். 8 அங்குலத்தில் அது ஓர் அங்குலத்துக்குச் சுமார் 189 புள்ளி, 10.1 அங்குலத்தில் சுமார் 149. பெரிய திரையில் எழுத்து பெரிதாகும், ஆனால் ஓரங்கள் மங்கும். தமிழில் இது ரொம்ப முக்கியம். மெய்யெழுத்தின் மேல் இருக்கிற புள்ளி சிறிய எழுத்தில் கரைந்துபோகும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை "கண்" என்பதைப் புள்ளி தெரியாமல் "கண" என்று வாசித்துவிட்டு என்னைப் பார்க்கும். பாடநூலின் ஒரு பக்கம் முழுவதையும் 8 அங்குலத்தில் நிறுத்தி வாசிக்க வைத்தால் அதே கதை.

நாங்கள் செய்வது இதுதான். டேபைக் குறுக்குவாக்கில் பிடித்து, பாதிப் பக்கம் மட்டும் தெரியும்படி வைத்து, கீழே தள்ளித் தள்ளி வாசிக்க வைக்கிறோம். ஓரத்து வெள்ளை இடத்தை வெட்டிக் காட்டுகிற வசதி சில பிடிஎஃப் ஆப்களில் உண்டு, அதைப் போட்டாலே எழுத்து நன்றாகப் பெரிதாகும். முழுப் புத்தகம் ஒரே கோப்பாக இருந்தால் 3 ஜிபி ரேம் தள்ளாடும். பள்ளிக் கம்ப்யூட்டரில் பாடம் பாடமாகப் பிரித்து அனுப்புகிறோம். திறக்கிற நேரத்தில் பிள்ளையின் கவனம் போய்விடக் கூடாது. அதற்காகத்தான் இத்தனை பாடு.

அந்த மாதிரி நேரம் எடுத்துச் செய்ய உங்கள் பள்ளியில் ஆள் இல்லை என்றால் எனக்குச் சொல்லுங்கள், பிரித்து வைத்திருக்கும் பாடங்களை அனுப்புகிறேன்.

குழித்துறை வாசகர் (மார்த்தாண்டம்)

எல்லோரும் நல்ல விஷயம் சொல்லுகிறீர்கள். நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்லட்டுமா? இந்தப் பத்தாயிரத்துக்குப் பெயர்பெற்ற கம்பெனியின் பழைய உயர்ரக டேப் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். திரை, ஸ்பீக்கர், வேகம், எல்லாம் ஒரு படி மேலே. புது மலிவு டேபில் இத்தனை சூட்சுமம் தெரிந்து சமாளிப்பதைவிட அது மேல் அல்லவா?

2011 அக்டோபர் 5-ஆம் தேதி ஆகாஷ் டேப்லெட் வெளியானது நினைவிருக்கும். உலகத்திலேயே விலை குறைந்த டேப் என்று நாடே பேசியது. 7 அங்குலம், 366 மெகாஹெர்ட்ஸ் சில்லு, 256 எம்பி ரேம். மாணவர்களுக்காக அவ்வளவு நல்ல எண்ணத்தோடு வந்தது, ஆனால் ஒரு பக்கம் திறக்க அது எடுத்த நேரத்தில் பிள்ளைகள் சலித்துப்போனார்கள். விலையை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்று அன்றைக்கே பார்த்தோமே.

சர்வீஸ்கடை (வேலந்தாவளம்)

அண்ணாச்சி, செகண்ட் ஹேண்ட் தப்பில்லை. ஆனால் மூன்று விஷயம் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஒன்று, பழைய ஆளின் கூகுள் கணக்கு. ஆண்ட்ராய்டு 5.1-லிருந்து ரீசெட் பூட்டு இருக்கிறது. அவர் கணக்கை எடுக்காமல் ரெக்கவரி (பட்டன்களை அழுத்தித் திறக்கிற பழுதுபார்ப்பு மெனு) வழியாக ரீசெட் செய்து விற்றால், ஆன் செய்ததும் அவருடைய பாஸ்வேர்டைக் கேட்டு நின்றுவிடும். அப்படி வாங்கிக்கொண்டு கடைக்கு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பும்போது பாவமாக இருக்கும். விற்கிறவர் எதிரிலேயே செட்டிங் வழியாகக் கணக்கை எடுக்கச் சொல்லி, ரீசெட் போட்டு, உங்கள் கணக்கில் உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும். இரண்டு, பேட்டரி. லித்தியம் பேட்டரி பயன்படுத்தாமல் வைத்தாலும் வயதாகும். நல்ல கம்பெனி டேபுகளில் அதைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், மாற்றுகிற செலவு பழைய விலையில் பாதிக்கு வந்துவிடும். மூன்று, ஆண்ட்ராய்டு பதிப்பு. ரொம்பப் பழையது என்றால் ஆப்களே ஒவ்வொன்றாகக் கைவிடும்.

ஆகாஷ் பற்றி ஒரு விஷயம். அதில் இருந்தது அழுத்தினால் வேலை செய்கிற பழைய வகை டச். அக்காவுக்கு வந்த சார்ஜர் தொல்லை அதில் வந்திருக்காது.

குழித்துறை வாசகர் (மார்த்தாண்டம்)

கூகுள் பூட்டு விஷயம் நல்ல தகவல். அப்படியும் பெரியவர்கள் வாங்கும்போது சரிபார்த்து வாங்கலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் தெரிந்த ஆள் இல்லாத குடும்பத்துக்கு, ஒரு வருட வாரண்டியோடு வருகிற புதுசுதான் பத்திரம் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

தோப்புவீடு (கொழிஞ்சாம்பாறை)

அண்ணா, உங்கள் கருத்தும் சரிதான். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு வாரண்டி மட்டும் காரணம் இல்லை. பிள்ளை கையில் தைரியமாகக் கொடுக்க முடிகிறதே, அதுதான் பெரிய காரணம். விலை கூடியது என்றால் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவோம், சனி ஞாயிறு மட்டும் எடுப்போம். இது அவள் பையில் போகிறது, தோப்பில் கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறது, மாடு மிதிக்காமல் தப்பித்தும் இருக்கிறது. தினமும் கையில் இருந்தால்தானே படிப்புக்கு ஆகும்?

ஏலக்காய்மலை (குமுளி)

ஹாட்ஸ்பாட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை போலிருக்கிறது. மலிவு டேபில் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் இருக்கும். உங்கள் கணவரின் போன் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் விட்டிருக்கும். உங்கள் போனுக்கு அது தெரியும், டேபுக்குக் காதே கேட்காது. ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் பேண்ட் என்று இருப்பதை 2.4-க்கு மாற்றுங்கள், உடனே தெரியும். வீட்டு ரவுட்டருக்கும் இதே. அதில் இரண்டு பேண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டால் குழப்பமே வராது.

எங்கள் டேபின் விசித்திரம் வேறு. மழை பார்க்கலாம் என்று திறந்தால் சில நாள் சென்னை வெயிலைக் காட்டுகிறது, சில நாள் கொச்சி மழையைக் காட்டுகிறது. நாங்கள் இருப்பதோ இரண்டுக்கும் தொலைவில், மலை மேலே. சிம் இல்லாத டேப்களில் பலவற்றில் ஜிபிஎஸ் சில்லே கிடையாது. சுற்றியிருக்கும் வைஃபை பெயர்களை வைத்து இடத்தை ஊகிக்கும். எஸ்டேட்டில் சுற்றி வைஃபை ஏது? அப்போது நெட் எங்கிருந்து வருகிறதோ அந்த ஊரைச் சொல்லிவிடும். தமிழ்நாட்டு சிம்மில் ஹாட்ஸ்பாட் போட்டால் ஒரு ஊர், கேரள சிம்மில் போட்டால் ஒரு ஊர். ஊர்ப் பெயரைக் கையால் அடித்து வைத்தபிறகு சரியாகக் காட்டுகிறது. ஏலக்காய் காயவைக்கிற நாளில் இது சின்ன விஷயம் இல்லை.

சித்தூர்ப்புழை (சித்தூர்)

அண்ணா சொன்னபடி எக்ஸ்ட்ரா ரேமை ஆஃப் செய்து பார்த்தேன். என் 4 ஜிபி டேபில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் 4 ஜிபி இடம் திரும்பக் கிடைத்தது.

படம் பார்க்கிறவர்களுக்கு ஒரு வரி: ஓடிடி ஆப்பில் படம் மங்கலாகவே வந்தால் நெட் மேல் பழி போடாதீர்கள். படத்தைத் திருட்டுப் பிரதி எடுக்காமல் தடுக்கிற வைட்வைன் என்ற பாதுகாப்பில் எல்1, எல்3 என்று நிலைகள் உண்டு. மலிவு டேபுகள் பலவற்றில் எல்3தான். அதற்குப் பல ஓடிடிகள் எச்டி தராது. நாம் எதுவும் செய்ய முடியாது.

தோப்புவீடு (கொழிஞ்சாம்பாறை)

ஹாட்ஸ்பாட் வந்துவிட்டது, ரொம்ப நன்றி. இனி அந்த லீவு விஷயம் மட்டும்தான் பாக்கி. அதோடு, பங்குனி சித்திரையில் மத்தியானம் சார்ஜ் ஏறவே மாட்டேன் என்கிறது. காலையில் ஏறுகிறது.

சர்வீஸ்கடை (வேலந்தாவளம்)

இரண்டுக்கும் பேட்டரிதான் காரணம், இரண்டிலும் டேப் சரியாகத்தான் நடந்துகொள்கிறது.

லித்தியம் செல் ஒரு அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் சட்டென்று முழு வேகத்தில் சார்ஜ் ஏற்றக் கூடாது, கெட்டுவிடும். அதனால் சார்ஜிங் ஐசி முதலில் சொட்டுச் சொட்டாக ஏற்றிப் பார்க்கும். திரையை எரிய வைக்கக்கூட அப்போது சக்தி இருக்காது. கால் மணி, அரை மணி பொறுமையாக விட்டுவிட்டு அப்புறம் பவர் பட்டனை அழுத்துங்கள். பதற்றத்தில் பிடுங்கிப் பிடுங்கிக் குத்தினால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்கும். லீவுக்குப் போகும்போது பாதி சார்ஜில் பவர் ஆஃப் செய்து வையுங்கள். முழுதாக நிரப்பியும் வைக்க வேண்டாம், காலியாகவும் விட வேண்டாம். (இந்த இடத்தில் உங்கள் மாமனார் கொள்கை சரி என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.)

மத்தியானம் ஏறாததற்குக் காரணம் நம் ஊர் வெயில். செல்லின் சூடு 45 டிகிரியைத் தொட்டால் பெரும்பாலான பேட்டரிகளில் சார்ஜை நிறுத்திவிடுவார்கள். ஷீட் கூரைக்கு அடியில், பின்பக்கம் ரப்பர் கவர் போட்டு, அதில் வீடியோவும் ஓடினால் அந்தச் சூடு சாதாரணமாக வந்துவிடும். கவரைக் கழற்றி, சிமெண்ட் தரையில் வைத்து, காலையிலோ ராத்திரியிலோ ஏற்றுங்கள். மெத்தையில், தலையணைக்கு அடியில் வைத்து ஒருபோதும் ஏற்ற வேண்டாம்.

மலைப்பள்ளி டீச்சர் (மறையூர்)

எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளையின் டேபில் திரை ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது. அழுத்தினால் உட்காருகிறது. பசை விட்டிருக்கும் என்று அவர்கள் அப்பா செலோடேப் போட்டு ஒட்டித் தந்திருக்கிறார். நான் தரலாமா, வேண்டாமா?

சர்வீஸ்கடை (வேலந்தாவளம்)

டீச்சர், தர வேண்டாம். இன்றைக்கே நிறுத்துங்கள். அது பசை இல்லை, பேட்டரி உப்பியிருக்கிறது. உள்ளே வாயு சேர்ந்து திரையைத் தள்ளுகிறது. அழுத்தக் கூடாது, சார்ஜில் போடக் கூடாது. பேட்டரி கிழிந்தாலோ குத்துப்பட்டாலோ தீப்பிடிக்கும். ஆஃப் செய்து, எரியக்கூடிய பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் தனியாக வையுங்கள். பேட்டரியை மட்டும் மாற்றினால் டேப் பெரும்பாலும் பிழைக்கும். பேட்டரி மாற்றிப் பழகிய கடையில் கொடுங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போட வேண்டாம். வீடு வீடாகக் கழிவு சேகரிக்கிற ஹரித கர்ம சேனை அக்காமார் வரும்போது உப்பிய பேட்டரி என்று சொல்லி, தனியாகக் கொடுங்கள்.

மலைப்பள்ளி டீச்சர் (மறையூர்)

எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன். அவர்கள் அப்பாவிடமும் போனில் பேசிவிட்டேன், உடுமலைக்குப் போகிறபோது மாற்றிவிடுவதாகச் சொன்னார். அதுவரை அந்தப் பிள்ளைக்கு என் டேபில் பாடம் போட்டுத் தருகிறேன்.

ஒரு வேண்டுகோள். அடுத்த பிடிஏ (பெற்றோர் ஆசிரியர் கழக) கூட்டத்துக்கு இந்த இழையில் இருப்பதை இரண்டு பக்கமாகத் தமிழில் அச்செடுத்துப் பெற்றோருக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். டேபோடு வருகிற காகிதத்தில் தமிழே இருப்பதில்லை. சம்மதமா?

சர்வீஸ்கடை (வேலந்தாவளம்)

தாராளமாகக் கொடுங்கள் டீச்சர். உப்பிய பேட்டரி விஷயத்தை முதலில் போடுங்கள், வேகம், மெமரி எல்லாம் அப்புறம். சி டைப் டேபுக்கு ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: இரண்டு முனையும் சி ஆக இருக்கிற கேபிளில் சில மலிவு டேபுகளுக்குச் சார்ஜ் ஏறவே ஏறாது. சார்ஜரிடம் கரண்ட் கேட்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரை உள்ளே வைக்காமல் விட்டிருப்பார்கள். ஒரு முனை பழைய அகல யுஎஸ்பி, மறுமுனை சி இருக்கிற கேபிளில் போட்டால் ஏறும். போர்ட் போய்விட்டது என்று யாராவது சொன்னால் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தோப்புவீடு (கொழிஞ்சாம்பாறை)

அச்செடுத்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள் டீச்சர். இங்கே வாயனசாலை (நூலகம்) நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறேன், எங்கள் பள்ளியிலும் கொடுக்கிறேன். பாடம் பாடமாகப் பிரித்த பிடிஎஃப்பும் வேண்டும், ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் முதலில் கிடைத்தால் நல்லது, அடுத்த வாரம் பரீட்சை.